கையில் ஒன்றும் இருக்கக் கூடாது

அழகுமீனாவை நிறுத்தி, பெர்லின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பாள். ஆனால் ஜெர்மனியின் பெண்கள் லீகில் இந்த வருஷம் எந்தக் கிளப் எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையை எடுத்திருக்கிறது, அவளுக்கு இடதுகாலா வலதுகாலா, போன சீசனில் முழங்கால் ஜவ்வு கிழிந்து உட்கார்ந்திருந்தவள் யார் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். இதில் பாதியைச் சமூக அறிவியலில் படித்திருந்தால் பத்தாம் வகுப்பில் மானத்தோடு தேறியிருப்பாள் என்று நான் சொல்வேன். அவள் என் போனைப் பிடுங்கி அடுத்த வீடியோவைப் போடுவாள்.

நான் மிஸ்பா. இலுப்பூர்க் கடைத்தெருவில் வீடு. பள்ளி அணியின் கோல்கீப்பர். அத்தா குவைத்தில் இருப்பதால் என் கையில் ஒரு நல்ல போன் இருந்தது. மீனாவுக்கு ஊர் மேலக்குறிச்சிப்பட்டி, டவுன் பஸ்ஸில் வந்து போவாள். அவளிடம் இருந்தது ஒரு இடதுகால் மட்டுந்தான். அந்தக் காலால் அவள் அடிக்கிற பந்தை இரண்டு வருஷம் எதிரில் நின்று பிடித்தவள் நான். பிடித்ததைவிட வலைக்குள் போய்ப் பொறுக்கியதுதான் அதிகம்.

அந்த லீகில் அவளுக்குப் பிடித்தவள் ஒருத்தி உண்டு. மாட்டுப்பண்ணைக்காரர் மகள். இடதுபக்க ஓரத்தில் ஓடுகிறவள், பதினேழு வயது.

"அவ அப்பாவும் மாடுதான்டி வச்சிருக்காரு, எங்க வீட்டு மாதிரியே" என்பாள் மீனா.

"ஒங்க வீட்டுல இருக்கறது ஒரு கெழட்டு எருமை. அங்க எரநூறு மாடு இருக்குதாம். மெஷினு பால் கறக்குது."

"மாடு மாடுதானடி."

அந்த வீடியோக்களில் பேசுகிறவர்களிடமிருந்து நாலு வார்த்தையும் கற்றுக்கொண்டிருந்தாள். லிங்க்ஸ் என்றால் இடது. நோக் மால் என்றால் இன்னொரு தடவை. பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே போனால் ஷாடே என்பார்கள், அதாவது அடடா, வீணாப் போச்சே. நான் சோற்றைக் கீழே சிந்தினால்கூட ஷாடே என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

இப்படிக் கிடந்தவளிடம் எங்கள் பி.டி. மாஸ்டர் ஜெரால்டு சார் ஒருநாள் காலைப் பயிற்சியில் வந்து சொன்னார். ஜெர்மனியில் ஒரு கிளப் தன் பெண்கள் இளையோர் அணிக்காக வெளிநாடுகளில் பிள்ளைகளைப் பார்த்து வருகிறது. திருச்சிக்கும் இரண்டு பயிற்சியாளர்கள் வருகிறார்கள். பதினாறு வயது முடியாதவர்கள் மட்டும் வரலாம். இரண்டு நாள் தேர்வு. எடுக்கப்படுகிறவர்கள் ஆறு மாதம் அங்கே போய்த் தங்கி விளையாடலாம். எனக்கு வயது தாண்டிவிட்டது. மீனாவுக்கு ஆடி மாதம்தான் பதினாறு முடிகிறது. இந்த ஒரு தடவைதான், அடுத்த வருஷம் கிடையாது.

செய்தியைக் கேட்டதும் அவள் குதிப்பாள் என்று பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். எனக்குப் பொறாமை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

சிக்கல் மாரியம்மன் திருவிழாவில் வந்தது. முதலில் தேர்வு முன்னாடி, திருவிழா பின்னாடி என்றுதான் இருந்தது. ஜெர்மனிக்காரர்கள் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். தேர்வு நாள் நேராக வந்து திருவிழாவின் நடுவில் விழுந்தது. மேலக்குறிச்சிப்பட்டியில் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், அப்போது ஊருக்குள் இருக்கிற யாரும் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். திருச்சித் தேர்வோ இரண்டு நாள், ராத்திரி அங்கேயே விடுதியில் தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மற்ற வீடுகளில் இதற்கு ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பார்கள். மீனா வீட்டில் முடியாது. அவள் அப்பா நாகராசு மாமா லோடு வேன் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காப்புக் கட்டின பிறகு மதுரைக்கு ஒரு லோடு கிடைத்தது. போய், இராத் தங்கி, விடியலில் திரும்பும்போது கொடும்பாளூர் விலக்கில் வண்டி கவிழ்ந்தது. வலதுகால் இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்தும் சரியாகவில்லை. அதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். ஊரே காப்பை மீறியதால் வந்தது என்றது. பிரேக் கட்டை தேய்ந்து கிடந்தது என்று அவரே எங்கள் வீட்டு வாசலில் கம்பை ஊன்றி நின்று, லீவில் வந்திருந்த என் அத்தாவிடம் சொன்னதைக் காதால் கேட்டவள் நான். அதை மீனாவிடமும் சொன்னேன். "பிரேக்கு அன்னிக்குன்னு பாத்து ஏன்டி போவணும்?" என்று கேட்டாள்.

வழி கண்டுபிடித்தது அவள் அம்மா ராசாத்தி அத்தைதான். காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இல்லாதவர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. திருப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அதனால் காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமை மத்தியானமே மீனாவைக் கிளப்பி எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்தே சனிக்கிழமை திருச்சிக்குப் போய்விட வேண்டியது. மகள் பந்து விளையாடுவதையே பிடிக்காதவர் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் தூக்கிவந்த பையில் துவைத்து மடித்த ஜெர்சியும், எண்ணெய் தடவித் துடைத்த பூட்ஸும் இருந்தன.

மீனா விரதம் என்பதால் என் அம்மா பாசிலா வீட்டில் கறி மீன் எதுவும் அடுப்பில் ஏற்றவில்லை. தினமும் முருங்கைக்காய்ச் சாம்பார். எனக்குச் சாம்பார் என்றாலே ஆகாது. ஜெர்மனிக்குப் போய் முதல் சம்பளத்தில் எனக்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ராசாத்தி அத்தை மறுபடி வந்தார். மஞ்சள் சேலை, கையில் காப்பு, நெற்றி நிறையத் திருநீறு. அம்மா உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்றார்.

"வீட்டுல நாலு நாளாக் கவிச்சியே கெடையாதுக்கா. உள்ள வாங்க" என்றார் அம்மா.

"அதுக்கில்ல பாசிலா. ஒடனே திரும்பணும், கோயில்ல கூழு ஊத்துற வேலை கெடக்கு. இங்கிட்டு வா மீனா."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் தோய்த்த கயிறு, நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு விரலி மஞ்சள். பச்சை மஞ்சள் மாதிரி இல்லை, கல் போலக் காய்ந்தது. மீனாவின் இடது மணிக்கட்டில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டார்.

"பூசாரிகிட்ட கேட்டுட்டேன். வெளியில இருக்குற புள்ளைக்கு வெளியில வச்சே கட்டுனா எல்லைக் கட்டு கெடையாதாம். எங்க வேணாலும் போலாம், தங்கலாம். ஆத்தா கூடவே வருவா. ஆனா நடுவுல கழட்டக் கூடாது. திருவிழா முடிஞ்சு கொளத்தங்கரையில பூசாரிதான் அறுக்கணும். ஒங்க அப்பா மாதிரி ஒனக்குக் கால் கையில எதுவும் ஆயிரக் கூடாதுன்னு நேந்திருக்கேன். முழுசா வந்தீன்னா நீ பால்குடம் எடுக்குறதா வேண்டிருக்கேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். எங்கள் விஷயத்தில் சாமியும் கொடுத்தது, பூசாரியும் கொடுத்துவிட்டார். என்ன இடக்கு வரும் என்று யோசித்து யோசித்து, எல்லாவற்றுக்கும் ஒரு வழி செய்துவிட்டோம் என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் நினைத்தோம்.

மேட்சில் கையில் எதுவும் போட்டிருக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும், மீனாவுக்குத் தெரியும், ஜெரால்டு சாருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து மேட்சுகளில் கயிறு இல்லாத கை எங்கே இருக்கிறது? திருப்பதிக் கயிறு, நாகூர்க் கயிறு, வேளாங்கண்ணிக் கயிறு, எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு இறங்குவோம். ரெஃப்ரி கையிலேயே ஒரு கயிறு இருக்கும். அதனால் சனிக்கிழமை காலை திருச்சி மைதானத்தில் ஜெரால்டு சார் மீனாவின் கையைப் பிடித்து, மஞ்சள் தெரியாதபடி பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டார். அவள் கண்ணை மூடி அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நான் துணைக்குப் போனவள் என்பதால் வேலிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஓட்டம், பந்தைக் கடத்துவது, கோல் அடிப்பது. வந்திருந்த இரண்டு பேரில் பெரியவர் உல்ரிக்கே என்ற பெண்மணி. நரைத்த கிராப்பு, வெயிலில் தக்காளிப் பழமாகச் சிவந்த முகம். எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மீனாவின் முறை வந்தது. இடது ஓரத்திலிருந்து அடித்த பந்து, கோல்கீப்பர் கையை நீட்டியபோது அவள் கைக்கே போவது மாதிரி போய், கடைசியில் வளைந்து உள்ளே இறங்கியது. அந்தப் பந்தை நான் அறிவேன். நின்று பார்த்துக்கொண்டிருந்த உல்ரிக்கே அம்மா ஒரு விரலைத் தூக்கினார்.

"நோக் மால்" என்றார்.

சென்னையிலிருந்து மொழிபெயர்க்க வந்திருந்த பெண் வாயைத் திறப்பதற்குள் மீனா அடுத்த பந்தை வைத்துவிட்டாள். அதுவும் உள்ளே. இன்னொன்று, அதுவும். அந்த அம்மா சிரித்துவிட்டு இன்னொரு பயிற்சியாளரிடம் ஏதோ சொன்னார். அதில் லிங்க்ஸ் என்ற சொல் மட்டும் எனக்கே விளங்கியது.

சாயங்காலம் மீனா என்னிடம் வந்து பூட்ஸைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அவங்க ஊருல பனி பெய்யுமாமேடி, பூட்ஸு தாங்குமா?" என்றாள். தாங்கும் என்றேன். எனக்கு அன்று ஒரு சந்தேகமும் இல்லை. அல்லாவே, இந்தப் பிள்ளை போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மேட்ச். இரண்டு அணியாகப் பிரித்து முழு ஆட்டம். இதை வைத்துத்தான் முடிவு. மீனா இடது ஓரம், பதினொன்றாம் எண் சட்டை. இறங்குவதற்கு முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து உல்ரிக்கே அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தார். காதைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், இரண்டு கையையும் நீட்டித் திருப்பிக் காட்டச் சொன்னார். தோடு, செயின், ரப்பர் வளையம் எல்லாம் பெற்றோர் கைக்குப் போயின. ஒருத்தி தலைத்துணி கட்டியிருந்தாள். அதை இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று விட்டுவிட்டார். என்னைப் போன்றவளுக்கு விதியில் இடம் வைத்திருக்கிறார்கள், நல்லதுதான்.

மீனாவின் பிளாஸ்திரியை அழுத்திப் பார்த்தார். கட்டியாக இருந்தது. அடிபட்டதா என்று கேட்டார். மீனாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பிளாஸ்திரியை அவரே மெதுவாக உரித்தார். மஞ்சள் வெளியே வந்தது.

கழற்றச் சொன்னார். மீனா தலையாட்டினாள், மாட்டேன் என்று.

ஜெரால்டு சார் ஓடினார். நானும் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். தரையில் முழங்கால் போட்டு மீனாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பையில் வைத்திருப்பதை எடுத்துக் காட்டினார். இது கடினமாக இருக்கிறது, யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது, ஆட்டம் முடிகிறவரை நானே பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கட்டிவிடுகிறேன் என்றார். மொழிபெயர்க்கிற பெண் சொல்லச் சொல்ல மீனா அவரையே பார்த்தாள்.

"மஞ்சளை மட்டும் உருவிட்டுக் கயிறை விட்டுடலாமா?" என்று ஜெரால்டு சார் கேட்டார். மூன்று முடிச்சும் மஞ்சளின் மேல்தான் விழுந்திருந்தது. அறுக்காமல் வராது.

"எம்மா மீனா, நான் கும்புட்டுக் கேக்குறேன். சாமி கோவிச்சுக்காது. அந்தப் பாவம் என் தலையில வரட்டும்" என்றார் அவர்.

"ஒங்க தலையில வராது சார். எங்க அப்பா தலையிலதான் வரும்."

நான் அவளைத் தனியே இழுத்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பிரேக்குடி! பிரேக்கு தேஞ்சு போச்சுடி! எத்தன தடவ சொல்றது ஒனக்கு?" என்று கத்தினேன். பிறகு போனை எடுத்தேன். "சரி, ஒங்க அம்மாட்டயே கேப்போம். அவங்களே கழட்டச் சொல்லிட்டா ஒனக்கென்ன?"

அவள் என் கையோடு போனை அமுக்கிப் பிடித்தாள்.

"கேக்காதடி. கேட்டா கழட்டுன்னு சொல்லிரும். எனக்காகச் சொல்லிரும். அப்பறம் அப்பாவுக்கு ஒரு தலைவலின்னாக்கூட, நான்தான் சொன்னேன் நான்தான் சொன்னேன்னு அதை நெனச்சே செத்துரும். அந்தப் பழியை அதுமேல போட்டுட்டு நான் அங்க போயி எப்படிடி ஆடுவேன்?"

ஊர் சொல்வதை அவள் முழுக்க நம்பினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மாவை நம்பினாள், அவ்வளவுதான். கையில் மஞ்சளைக் கட்டியது பயம் என்றால் என்னால் அறுத்திருக்க முடியும். அது அவள் அம்மா.

உல்ரிக்கே அம்மா எழுந்தார். மீனாவின் தோளில் கை வைத்தார்.

"ஷாடே" என்றார்.

மொழிபெயர்ப்புப் பெண் என்ன தமிழில் சொல்வது என்று தடுமாறினாள். "தெரியும்க்கா, சொல்ல வேணாம்" என்றாள் மீனா. பதினொன்றாம் எண் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். அதைத் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை போட்டுக்கொண்டது. பாவம், அதுவும் நல்ல பிள்ளைதான். ஆனால் இடதுகால் சுமார்.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். வரமாட்டேன் என்று கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். பந்து வெளியே வரும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்துப் போட்டாள். ஒருமுறை பந்து வெகுதூரம் வேலியோரம் உருண்டுவிட்டது. எடுத்து வர நேரமாகும் என்று அங்கிருந்தே இடதுகாலால் அடித்தாள். பந்து மைதானத்தின் பாதிக்கு மேல் பறந்து, கோல்கீப்பரின் காலடியில் இறங்கியது. உல்ரிக்கே அம்மா திரும்பிப் பார்த்தார். யார் அடித்தது என்று தெரிந்ததும் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேனிப் பிள்ளையை எடுத்தார்கள்.

பஸ்ஸில் ஜெரால்டு சார் முன் சீட்டில் உட்கார்ந்து விராலிமலை வரும்வரை திரும்பவே இல்லை. மீனா அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இவளுக்குக் கைதான் தடுத்தது என்று ஏதோ ஆத்திரத்தில் உளறினேன். "நீ வேற சும்மா வாடி" என்றாள்.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் வெயில் தாழும் முன்பே ராசாத்தி அத்தை வந்து நின்றிருந்தார். மகள் இறங்கியதும் எடுத்தார்களா என்று கேட்கவில்லை. முதலில் முட்டியைத் தடவினார், கணுக்காலைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அடி கிடி ஒன்னும் படலையே?"

"ஒன்னும் படலம்மா."

"ரெண்டு நாளும் ஆடுனியா?"

"ஆடுனேம்மா." மீனா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். "எடுக்கலம்மா. என்னைய விட நல்லா ஆடுற புள்ளைங்க நெறைய வந்திருந்துச்சு."

அத்தையின் முகம் சுருங்கியது. பிறகு மகளின் கையைத் தூக்கி அந்த மஞ்சளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"போவுது விடு தாயி. ஒடம்புல ஒரு கீறல் இல்லாம வந்து சேந்தியே. எல்லாம் இந்தக் கயிறு. ஆத்தா காப்பாத்திட்டா பாத்தியா? அடுத்த வருசமும் கட்டி அனுப்புவோம், அப்ப எடுப்பாங்க."

"சரிம்மா" என்றாள் மீனா.

ஜெரால்டு சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். அடுத்த வருஷம் கிடையாது என்று அந்தத் தாயிடம் சொல்ல அந்த பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை, எனக்குந்தான்.

திருவிழா முடிகிற அன்று நானும் அம்மாவும் மேலக்குறிச்சிப்பட்டிக்குப் போயிருந்தோம். மீனா மஞ்சள் பாவாடை தாவணியில் பால்குடம் எடுத்து வந்தாள். நாகராசு மாமா கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே நொண்டி நொண்டி வந்தார். அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு, நேர்ந்தது பலித்ததென்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பால் ஊற்றி முடிந்து குளத்தங்கரைக்கு வந்தார்கள். பூசாரி கையில் ஒரு சின்ன அரிவாள் வைத்திருந்தார். வரிசையாகக் கையை நீட்டினார்கள். மீனாவின் முறை வந்ததும் கயிற்றுக்கு அடியில் அரிவாளை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் குளத்தில் போய் விழுந்தது. அடுத்தவள் கையைப் பிடித்துவிட்டார். அவ்வளவு சுளுவான வேலை.

மீனா கூட்டத்துக்குள் நின்றுகொண்டு என்னைத் தேடினாள். கண்டதும் இரண்டு கையையும் எனக்கு நேராக நீட்டி, மேட்சுக்கு முன்னால் ரெஃப்ரியிடம் காட்டுவோமே, அதேபோல முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். கையில் ஒன்றும் இல்லை. நான் சரி என்று தலையாட்டினேன்.